குறட்டை திடீரென்று நின்றால்...?

குறட்டை என்றால் நமக்கெல்லாம் சிரிப்பு. கும்பகர்ணன் கதையில் ஆரம்பித்து, சினிமாவில் வரும் தொந்தி பெருத்த மாமனார் வரை, குறட்டை விடுகிறவரைக் கண்டு சிரித்தே பழகி விட்டோம். "மனுஷன் என்ன நிம்மதியாத் தூங்கறார் பாரு!" என்று பெருமைப்படுகிறவர்களும் உண்டு. பக்கத்தில் படுத்துக் கொண்டு விடிய விடியக் கொட்டக் கொட்ட விழித்திருக்கும் மனைவிக்குத்தான் அந்த நிம்மதியின் லட்சணம் தெரியும்!

எங்கள் ஒடுகத்தூர் ஜவ்வாது மலை அடிவாரத்தில் உள்ள சின்ன ஊர். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையன்று மலைக் கிராமங்களிலிருந்தும் ஜனங்கள் இறங்கி வருவார்கள். நாலு பெண்கள் கூடினால் வீட்டுப் பேச்சு வராமல் இருக்குமா? "எங்க வீட்டுக்காரர் குறட்டையில ஓடே எகிறிடும் போல இருக்குதுக்கா" என்பாள் ஒருத்தி. "எங்க மாமியாரும் அப்படித்தான்" என்பாள் இன்னொருத்தி. ஒரே அறையில் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கும் வீடுகளில் ஒருவர் குறட்டை எல்லாருக்கும் சொந்தம். ஆனால் இதற்காக டாக்டரிடம் போனதாக மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். "சளி, காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்குப் போலாம். குறட்டைக்குப் போனா சிரிக்க மாட்டாங்களா?" என்பார்கள்.

சிரிக்க மாட்டார்கள், சகோதரிகளே. எல்லாக் குறட்டையும் வியாதி இல்லைதான். ஆனால் ஒரு வகைக் குறட்டை உண்டு. நன்றாகச் சத்தம் வந்து கொண்டே இருக்கும்; திடீரென்று நின்று விடும். பத்து விநாடி, இருபது விநாடி, சில சமயம் அதற்கு மேலும் மூச்சுப் பேச்சு இருக்காது. பிறகு மூச்சு முட்டினாற்போல் ஒரு பெரிய உறுமலோடு மறுபடி ஆரம்பிக்கும். "அப்பாடா, நின்னுச்சே!" என்று நாம் திரும்பிப் படுக்கிறோமே, அந்த நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம். டாக்டர்கள் இதை 'ஸ்லீப் ஆப்னியா' என்கிறார்கள். தூக்கத்தில் மூச்சுத் தடை என்று நாம் சொல்லிக் கொள்ளலாம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

தூங்கும்போது உடம்பிலுள்ள தசைகள் எல்லாம் தளர்ந்து விடுகின்றன. தொண்டைத் தசையும் தளர்கிறது. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிகிறது. காற்றுப் போகும் வழி குறுகி விடுகிறது. குறுகிய வழியில் காற்று புகும்போது மேலண்ணத்தின் மெல்லிய சதையும் உள்நாக்கும் படபடவென்று அதிர்கின்றன. அந்த அதிர்ச்சிதான் குறட்டை.

இளநீர்க் கடையில் காகிதக் குழாய் கொடுக்கிறார்களே, அது நனைந்த பிறகு வேகமாக உறிஞ்சிப் பாருங்கள். குழாயின் பக்கங்கள் ஒட்டிக் கொண்டு ஒரு சொட்டும் வராது. சிலருக்குத் தொண்டையும் இப்படித்தான் ஒட்டிக் கொள்கிறது. நெஞ்சும் வயிறும் மூச்சுக்காக எம்பி எம்பி முயலும். காற்று மட்டும் உள்ளே போகாது. ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. உடனே மூளை விழித்துக் கொண்டு ஆளை உலுக்குகிறது. தொண்டை திறக்கிறது. தூங்குகிறவருக்கு இது எதுவுமே ஞாபகம் இருக்காது. ஆனால் ஓர் இரவில் நூறு முறை, இருநூறு முறை இப்படி உலுக்கினால் அது தூக்கமா?

அதனால்தான் எட்டு மணி நேரம் படுத்தும் காலையில் தலைவலி, பகலெல்லாம் அசதி, உட்கார்ந்த இடத்தில் கண் சொக்கல், எதற்கெடுத்தாலும் எரிச்சல், ஞாபக மறதி எல்லாம் வருகின்றன. வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம் கூடும். இருதய நோய், பக்கவாதம், சர்க்கரை நோய் ஆகியவற்றோடும் இதற்குச் சம்பந்தம் உண்டு. 2022 பிப்ரவரி 15-ஆம் தேதி மும்பையில் காலமான இந்திப் பட இசையமைப்பாளர் பப்பி லஹரிக்கும் இந்த மூச்சுத் தடை வியாதி இருந்தது. அவருடைய மரணத்துக்குக் காரணமாக டாக்டர்கள் அதைத்தான் குறிப்பிட்டார்கள்.

வண்டி ஓட்டுகிற வீடுகளில் இன்னும் ஜாக்கிரதை தேவை. சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை எங்களுக்கு எட்டாத தூரமில்லை. லாரியும் டெம்போவும் ஓட்டிப் பிழைக்கிற குடும்பங்கள் எங்கள் பக்கம் நிறைய. பகலில் கண் சொக்குகிறவர் கையில் ஸ்டியரிங் இருந்தால் ஆபத்து அவருக்கு மட்டுமா?

பெண்களுக்கு வராதா?

"குறட்டை ஆம்பளைங்க சமாசாரம்" என்று நினைப்பது தவறு. தில்லி எய்ம்ஸ் டாக்டர்கள் 2023-இல் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தவர்களில் 100-க்கு 11 பேருக்கு இந்த மூச்சுத் தடை இருக்கிறது. ஆண்களில் 100-க்கு 13, பெண்களில் 5. மொத்தம் சுமார் 10 கோடியே 40 லட்சம் பேர்!

மாதவிலக்கு நின்ற பிறகு நமக்கும் ஆபத்து கூடுகிறது. ஆனால் நமக்கு அது வேறு வேஷத்தில் வரும். பலத்த குறட்டை இல்லாமல், சதா களைப்பு, சரியாகத் தூக்கம் வராமை, காலைத் தலைவலி, மனச்சோர்வு என்று வரும். "ரத்தம் குறைவா இருக்கும்", "தைராய்டா இருக்கும்", "வயசாச்சில்லே" என்று தட்டிக் கழித்து விடுகிறோம். (தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் இந்தத் தொல்லை வரலாம். அதையும் பார்த்துக் கொள்ளத்தான் வேண்டும்.) அதோடு, கணவரின் குறட்டையைக் கேட்க மனைவி விழித்திருக்கிறாள்; மனைவியின் மூச்சு நிற்கிறதா என்று கவனிக்க யார் விழித்திருக்கிறார்கள்? பெண் குறட்டை விட்டால் அவமானம் என்று மகள்கூட வெளியே சொல்வதில்லை.

வீட்டிலேயே கவனியுங்கள்

ஒரு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். டாக்டர்கள் உலகெங்கும் கேட்கும் எட்டு விஷயங்கள் இவை:

1. மூடிய கதவுக்கு வெளியே கேட்கிற அளவு குறட்டையா?
2. பகலில் அடிக்கடி களைப்பு, தூக்கமா?
3. தூக்கத்தில் மூச்சு நின்றதை யாராவது பார்த்தார்களா?
4. ரத்த அழுத்தம் உண்டா?
5. உயரத்துக்கு மிக அதிகமான எடையா?
6. வயது 50-ஐத் தாண்டி விட்டதா?
7. கழுத்தின் சுற்றளவு ஆணுக்கு 17 அங்குலம், பெண்ணுக்கு 16 அங்குலம் அல்லது அதற்கு மேலா? (தையல் டேப்பால் அளக்கலாம்.)
8. ஆணா?

மூன்றுக்கு 'ஆமாம்' என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஐந்துக்கு மேல் போனால் தள்ளிப் போடவே கூடாது. இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே! மூச்சு நின்று திணறுவதை ஐந்து நிமிஷம் படம் பிடித்து வைத்துக் கொள்ளுங்கள். "நானாவது, குறட்டையாவது!" என்று சாதிக்கிற கணவருக்கும் காட்டலாம், டாக்டருக்கும் காட்டலாம்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமோ சொல்லுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, மூக்கு, தொண்டை எல்லாம் பார்ப்பார்கள். பிறகு காது-மூக்கு-தொண்டை டாக்டரிடமோ, நுரையீரல் டாக்டரிடமோ அனுப்புவார்கள். எங்கள் பக்கத்தவர்களுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும், ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே கட்டிலோடு ஆரம்பித்த வேலூர் சி.எம்.சி.யும் இருக்கின்றன. நீங்கள் உங்கள் மாவட்டப் பெரிய ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள்.

இதற்கான முக்கியமான பரிசோதனை 'ஸ்லீப் ஸ்டடி'. ஓர் இரவு தூங்க வைத்துப் பார்ப்பது. தலையில் சில ஒயர்கள், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் ஒரு கிளிப், மூக்கடியில் மெல்லிய குழாய். ஊசி இல்லை, வலி இல்லை. சிலருக்கு வீட்டிலேயே கட்டிக் கொண்டு தூங்கும்படி சிறிய கருவியைக் கொடுக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்று எண்ணுவார்கள். 5-க்குக் குறைவானால் சரி. 5 முதல் 14 வரை லேசானது. 15 முதல் 29 வரை நடுத்தரம். 30-க்கு மேல் கடுமை. இந்த எண் தெரியாமல், விளம்பரத்தைப் பார்த்து வைத்தியம் செய்து கொள்வது கண்ணைக் கட்டிக் கொண்டு ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி.

என்னென்ன சிகிச்சை?

*பழக்கவழக்கங்கள்:* வெறும் குறட்டைக்கும் லேசான தடைக்கும் இவையே பாதி வைத்தியம். கடுமையான தடைக்கு இவை மட்டும் போதாது. மற்ற சிகிச்சையோடு சேர்த்துச் செய்ய வேண்டும். எடையைக் குறைப்பது முதல் காரியம். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மூச்சுத் தடை சுமார் கால் பங்கு குறையும் என்று 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வந்த ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. எண்பது கிலோ உள்ளவருக்கு எட்டுக் கிலோ. ராத்திரிச் சாப்பாட்டை முன்னதாக, அளவாகப் போடுவது நம் கையில்தானே இருக்கிறது?

மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். மறுபடி மறுபடி மல்லாந்து விடுகிறவருக்குப் பனியனின் முதுகுப் பக்கத்தில் ஒரு பை தைத்து அதில் ரப்பர் பந்தை வைத்து விடலாம். புரளும்போதே உறுத்தித் திருப்பி விடும். வெளிநாட்டு டாக்டர்களும் சொல்லும் யோசனைதான் இது. குடியும் சிகரெட்டும் கூடாது. டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரை போடவே கூடாது. இவை தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி விடும் அல்லது வீங்க வைக்கும்.

*காற்று இயந்திரம்:* நடுத்தர, கடுமையான தடைக்கு முதல் சிகிச்சை இதுதான். 'சி-பாப்' என்று பெயர். ஒரு காலத்தில் கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைப்பதுதான் வழியாக இருந்தது. 1981-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர டாக்டர் காலின் சல்லிவன், மூக்கு வழியாகக் காற்றை ஒரே அழுத்தத்தில் செலுத்தினால் தொண்டை மூடாமல் திறந்தே இருக்கும் என்று காட்டினார். இன்று அந்த இயந்திரம் ஒரு சம்புடம் அளவுக்குச் சுருங்கி விட்டது.

இது பிராணவாயு சிலிண்டர் அல்ல. அறைக் காற்றையே ஊதுகிறது. மாட்டிக் கொண்ட முதல் சில நாட்கள் சிரமமாகத்தான் இருக்கும். டி.வி. பார்க்கும்போது அரை மணி மாட்டிப் பழகினால் சுலபமாகும். வாய் உலர்ந்தால் ஈரப்பதம் தரும் பகுதியைச் சேர்ப்பார்கள். முகமூடி பொருந்தவில்லையென்றால் வேறு அளவு கேளுங்கள். இயந்திரத்தைப் பரணில் ஏற்றி விடாதீர்கள். முகமூடியைத் தினமும் மிதமான சோப்பு நீரில் கழுவ வேண்டும். ஈரப்பதத்துக்குக் காய்ச்சி வடித்த தண்ணீரை (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்ற வேண்டும். கரண்டு அடிக்கடி போகிற ஊரானால், இன்வெர்ட்டரில் ஓடுமா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

விலை சில பத்தாயிரம் ரூபாய் ஆகும். சில இடங்களில் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். முதலில் அப்படி எடுத்துப் பழகிப் பார்க்கலாம். பழைய இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறதென்று அவசரப்படாதீர்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் கம்பெனி, சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப் பஞ்சு சிதையக்கூடும் என்று தன் இயந்திரங்களில் பல மாடல்களைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. மாடல் எண்ணைச் சரிபார்க்காமல் வாங்கக் கூடாது.

இரவு முழுவதும் போட்டால்தான் முழுப் பலன். இந்தியா உள்பட ஏழு நாடுகளில் 2,717 பேரை வைத்து நடந்து, 2016-இல் வெளியான ஆராய்ச்சியில் பகல் தூக்கமும் மனச்சோர்வும் குறைந்தன. ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அவர்கள் சராசரியாக ஓர் இரவில் 3.3 மணி நேரம்தான் போட்டிருந்தார்கள்! ஆகவே இயந்திரம் வந்து விட்டது என்று பிரஷர் மாத்திரையை நிறுத்தி விடாதீர்கள்.

*வாய்க் கருவி:* தாடை அச்செடுத்துப் பல் டாக்டர் செய்து கொடுப்பது. கீழ்த் தாடையைச் சற்று முன்னே நிறுத்தி வைக்கும். நாக்கு பின்னால் சரியாது. லேசான, நடுத்தரத் தடைக்கும், இயந்திரத்தைப் பொறுக்க முடியாதவருக்கும் ஏற்றது. பல்லும் ஈறும் உறுதியாக இருக்க வேண்டும்.

*ஆபரேஷன்:* டான்சில் பெருத்திருந்தால் எடுப்பது, மேலண்ணச் சதையைச் சீர் செய்வது, தாடையை முன்னே கொண்டு வருவது எனப் பல வகை. எல்லாருக்கும் ஒரே ஆபரேஷன் பொருந்தாது. சிலருக்குச் சில வருஷங்களில் தொல்லை திரும்பவும் வரலாம். வளைந்த மூக்கெலும்பை நேராக்கினால் மூச்சு விடச் சுகமாக இருக்கும். ஆனால் அதனால் மட்டும் மூச்சுத் தடை தீர்வது அபூர்வம். நாக்கு நரம்பைத் தூண்டும் கருவியைத் தோலுக்கடியில் வைக்கும் முறைக்கு அமெரிக்காவில் 2014-இல் அனுமதி கிடைத்தது. செலவு மிக அதிகம்.

*மருந்து:* மூச்சுத் தடைக்கென்று மருந்து ஒன்றுக்கு முதன்முதலாக 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. டிர்செபடைடு என்ற வார ஊசி. உடல் எடை மிக அதிகமாகவும், தடை நடுத்தரமாகவோ கடுமையாகவோ உள்ள பெரியவர்களுக்கு மட்டும். எடையைக் குறைப்பதன் மூலம்தான் முக்கியமாக வேலை செய்கிறது. டாக்டர் கண்காணிப்பில்லாமல் தொடவே கூடாது. கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

*சங்கு!* ஆச்சரியப்படாதீர்கள். ஜெய்ப்பூரில் நடுத்தர மூச்சுத் தடை உள்ள 30 பேரில் ஒரு பகுதியினருக்குச் சங்கு ஊதக் கற்றுக் கொடுத்தார்கள். வாரத்தில் ஐந்து நாள், தினம் 15 நிமிஷம். மற்றவர்களுக்கு மூச்சுப் பயிற்சி மட்டும். ஆறு மாதத்தில் சங்கு ஊதியவர்களுக்குப் பகல் தூக்கம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மணிக்கு நாலைந்து தடவை மூச்சுத் தடையும் குறைந்தது. 2025-இல் இது வெளியானது. தொண்டைத் தசைக்கு நல்ல பயிற்சி என்பதுதான் காரணம். சின்ன ஆராய்ச்சிதான், இதை நம்பி இயந்திரத்தைக் கழற்ற முடியாது. நம் பக்கத்தில் தினம் காலையில் வீட்டில் சங்கு ஊதினால் அக்கம்பக்கத்தார் மாலையோடு வந்து நிற்பார்கள் என்பது வேறு விஷயம்!

குழந்தை குறட்டை விட்டால்

இளம் தாய்மார்கள் இதைக் கவனித்துப் படியுங்கள். சளி பிடித்த நாலு நாள் குறட்டை விட்டால் பரவாயில்லை. வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மாதக்கணக்கில் குறட்டை விடுகிறதா? வாயைத் திறந்தபடி தூங்குகிறதா? கழுத்தைப் பின்னால் வளைத்துக் கொண்டு படுக்கிறதா? தலையணை நனைய வியர்க்கிறதா? படுக்கையில் சிறுநீர் போவதை நிறுத்திய குழந்தை மறுபடி போகிறதா? பெரியவர்கள் பகலில் தூங்கி வழிவார்கள்; குழந்தைகளோ மாறாக ஓரிடத்தில் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கும், முரண்டு பிடிக்கும், படிப்பில் கவனம் போகும். "வாலு" என்று முதுகில் வைப்பதற்கு முன் ஒரு ராத்திரி அதன் மூச்சைக் கவனியுங்கள்.

பெரும்பாலும் காரணம் டான்சிலும், மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையும் பெருத்திருப்பதுதான். ஆபரேஷன் என்றதும் கலங்க வேண்டாம், அவசரமும் வேண்டாம். 5 முதல் 9 வயதுள்ள 464 குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடந்து, 2013-இல் வெளியான ஆராய்ச்சியில், ஆபரேஷன் செய்தவர்களில் 100-க்கு 79 பேருக்கு ஏழு மாதத்தில் மூச்சு சரியானது. செய்யாமல் கண்காணித்தவர்களிலும் 46 பேருக்குத் தானே சரியானது. நடத்தையிலும் தூக்கத்திலும் ஆபரேஷன் செய்த குழந்தைகளே அதிகம் தேறினார்கள். உங்கள் குழந்தைக்கு எது என்று டாக்டர் பார்த்துச் சொல்வார்.

மூக்கடைப்பு என்று கைக்குழந்தைக்குக் கற்பூரம் கலந்த தைலத்தைத் தடவாதீர்கள். மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டாம். அது நுரையீரலுக்குள் இறங்கி விடலாம்.

சில சந்தேகங்கள்

*கர்ப்பமான பிறகு குறட்டை வந்திருக்கிறதே?*
நிறைய பேருக்கு வரும். ஆனால் கர்ப்பகால ரத்த அழுத்தத்தோடு இதற்குச் சம்பந்தம் உண்டு. அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது மறக்காமல் டாக்டரம்மாவிடம் சொல்லுங்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள்.

*மூக்கில் ஒட்டும் பட்டை, வாயில் ஒட்டும் டேப் எல்லாம் விற்கிறார்களே?*
மூக்குப் பட்டை மூக்குத் துவாரத்தை மட்டும் விரிக்கும். தொண்டையில் உள்ள அடைப்பை எடுக்காது. மூக்கடைப்பு உள்ளவர் வாயையும் ஒட்டிக் கொண்டால் ஆபத்து.

*ஒல்லியானவர்களுக்கு வராதா?*
வரும். சின்னத் தாடை, பெருத்த டான்சில் உள்ளவர்களுக்கு எடை குறைவாக இருந்தாலும் வரலாம்.

*வேறு ஏதாவது ஆபரேஷனுக்குப் போகும்போது சொல்ல வேண்டுமா?*
கட்டாயம். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் குறட்டையையும் மூச்சு நிற்பதையும் சொல்லுங்கள். இயந்திரம் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

தன் மூச்சு நிற்பது தூங்குகிறவருக்குத் தெரியாது. சாட்சி சொல்ல வேண்டியவர் பக்கத்தில் படுத்திருப்பவர்தான். இன்றிரவு குறட்டைச் சத்தம் கேட்டால் தலையணையால் காதை மூடிக் கொள்ளாமல் பத்து நிமிஷம் கவனியுங்கள். நடுவில் மூச்சு நின்றால் நாளைக்கே குறித்து வையுங்கள். அப்படியே, "நான் தூங்கும்போது எப்படி இருக்கிறேன், பார்த்துச் சொல்லு" என்று உங்கள் மகளிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.